ஹார்ன் அடிக்காத திருநாவுக்கரசு

வேனை வாசலோரம் நிறுத்திவிட்டு, இறங்கிப் போய், இரும்புக் கேட்டின் சங்கிலியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டுகிறான் திருநாவுக்கரசு. கிணிகிணி என்று ஒரு சத்தம். பூனையின் கழுத்து மணிகூட அதைவிடக் கொஞ்சம் பலமாக ஒலிக்கும். உள்ளேயிருந்து "வர்றோம் அங்கிள்" என்று குரல் வந்ததும் கையை எடுத்துவிடுவான். வராவிட்டால் மறுபடி இரண்டு விரல், மறுபடி கிணிகிணி. கோபமே கிடையாது.

ஜெலுத்தோங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அத்தனை பேரும் ஹார்னில் கையை வைத்துக்கொண்டுதான் காலையைத் தொடங்குகிறார்கள். தெருமுனையில் அடிக்க ஆரம்பித்தால் வீட்டு வாசல்வரை அடிப்பார்கள். பிள்ளைகள் வாயில் ரொட்டியோடு ஓடி வரும். இவன் ஒருவன்தான் வீடு வீடாக இறங்கி, தபால்காரன் மாதிரி நிற்கிறவன். "அந்தாளு வேன் வந்ததே தெரியல" என்பது பெற்றோர் அவனைப் பற்றி முதலில் சொன்ன புகார்.

முன் சீட்டில் அவன் மகள் காமினி இருக்கிறாள். ஒன்பது வயது. ஆட்டிசம். ஹார்ன் சத்தம் நமக்கெல்லாம் காதில் விழுகிறது. அவளுக்கு உடம்பு முழுக்க விழுகிறது என்று அவன் சொல்லுவான். ஒரு தடவை அடித்தால் அன்றைக்குப் பூராவும் அவளுக்குச் சோறு இறங்காது.

இதை எழுதுகிற நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தகப்பனுக்குக் கடைசிப் பிள்ளை. தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் பட்டறையில் தரை கூட்ட நின்றேன். கூட்டிக்கொண்டே பார்த்துப் பார்த்து ஒயரிங் கற்றேன். இன்று ஜெலுத்தோங்கில் எனக்குச் சொந்தமாகப் பட்டறை இருக்கிறது, என் கை படாத லோரி இந்தத் தீவில் குறைவு. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

திருநாவுக்கரசின் வேனுக்கு ஹார்னை அணைத்து வைக்க ஒரு தனி சுவிட்ச் போட்டுக் கொடுத்தது நான். ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுத் துழாவினால்தான் தட்டுப்படும். மகள் உட்கார்ந்திருக்கும்போது அணைத்து வைப்பான், அவள் இறங்கியதும் போட்டுக்கொள்வான். "பழக்கத்துல கை தானா அழுத்திருது பெரியண்ணே. அதான், அழுத்துனாலும் கத்தாத மாரி பண்ணிக் குடுங்க" என்று கேட்டான். பண்ணிக் கொடுத்தேன். வேலை சுத்தமான வேலை.

ஆளைப் பார்த்தால் மெலிந்த உடம்பு. வெயில் படுகிற வலது கை மட்டும் ஒரு சாயல் கூடக் கறுத்திருக்கும். பவுடர் போட மாட்டான், சென்ட் அடிக்க மாட்டான். மகளுக்கு வாசனை ஆகாது. சாவிக் கொத்தைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருப்பான். சட்டைக் காலரின் உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டு அவளுக்கு உறுத்தும் என்று வெட்டி எடுக்கிறவன், தன் சட்டையிலிருந்தும் வெட்டி எடுத்துவிடுவான். "ஒனக்கு ஏன்டா?" என்று கேட்டேன். "வெட்டிப் பாத்தேன் பெரியண்ணே. நெசமாவே நல்லாதான் இருக்கு" என்றான்.

அவன் வீட்டில் ஒருநாள் சாப்பிட்டேன். மனைவி பிரமிளா பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் பார்க்கிறவள். காமினிக்குச் சோறும் குழம்பும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. தொட்டால் அந்தத் தட்டு முடிந்தது. அதற்காகத் தடுப்பு வைத்த தட்டு வாங்கியிருந்தார்கள். அவளுக்கு மட்டும் அல்ல, மூன்று பேருக்கும் அதே தட்டு. எனக்கும் அதில்தான் போட்டார்கள். நான் வாழையிலையில் குழைத்து அடிக்கிற ஆள்; ஒரு மூலையில் சோறு, ஒரு மூலையில் பருப்பு என்று ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி தொட்டுத் தொட்டுத் தின்றேன். காமினி என் தட்டை எட்டிப் பார்த்தாள். பருப்பு தடுப்பைத் தாண்டவில்லை என்று தெரிந்ததும் தன் சாப்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டாள். "பாஸ் பண்ணிட்டீங்கண்ணே" என்று பிரமிளா சிரித்தாள்.

எடுத்த எடுப்பிலேயே இப்படி இருந்தவர்கள் இல்லை இவர்கள். மகளுக்கு மூன்று வயதில் டாக்டர் சொன்னதை நம்பாமல் இரண்டு வருஷம் அலைந்தார்கள். மந்திரித்த கயிறு, மூலிகை எண்ணெய், சுங்கைப் பட்டாணியில் ஒரு சாமியார். கடைசியில், பிள்ளை பேச வேண்டும் என்று கோவிலில் மொட்டை நேர்ந்துகொண்டார்கள். கத்தி தலையில் பட்டதும் அவள் போட்ட கூச்சலில் மேளக்காரர்களே நிறுத்திவிட்டார்களாம். நான்கு பேர் பிடித்து அமுக்கப் போனார்கள். திருநாவுக்கரசு அவர்களைத் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். பாதித் தலை வழித்தாகிவிட்டது. மீதிப் பாதி அப்படியே இருந்தது. அதற்கப்புறம் யாரையும் அவன் அவளைத் தொட விடவில்லை.

மறுநாள் அவன் செய்ததைத்தான் இன்றைக்கும் எங்கள் பக்கம் பேசுகிறார்கள். முடிதிருத்தும் கடைக்குப் போய்த் தன் தலையையும் சரிபாதியாக வழிக்கச் சொல்லியிருக்கிறான். கடைக்காரன் பயந்துபோய் இரண்டு தடவை கேட்டானாம். அந்த அரை மொட்டையோடுதான் வேன் ஓட்டினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. "சிரிங்கடா சிரிங்கடா. முடி மொளைக்கிற வரைக்கும்தான் இந்தப் படம் ஓடும், அப்பறம் தூக்கிருவாங்க" என்றிருக்கிறான். அவனைப் பார்த்துச் சிரித்ததில் காமினியின் தலையை யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு கயிறும் இல்லை, எண்ணெயும் இல்லை. அவன் அக்கா போனில் ஏதாவது வைத்தியம் அனுப்பினால், "சொகமாக்குறதுக்கு அவளுக்கு என்னக்கா, காய்ச்சலா?" என்று பதில் போடுவான்.

வேனின் பின் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினான். உள்ளே ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கிறாள், ஹார்ன் அடிக்காதீர்கள் என்று மலாயில் பெரிய எழுத்து. தொழில் நடத்தத் தெரிந்தவன் என்ற முறையில் அதைக் கிழிக்கச் சொன்னேன். வாடிக்கை போய்விடும் என்றேன்.

"ஏன் பெரியண்ணே, லைசென்ஸ் புதுசா எடுத்தவன் பி ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு ஓட்டுறான். வெக்கப்படுறானா? மத்தவன் கொஞ்சம் தள்ளிப் போவான். அவ்ளோதான் லா."

கிழிக்கவில்லை.

சீனர்களின் ஏழாம் மாதம் வந்தது. ஆவிகளுக்காக நாடக மேடை கட்டுவார்கள். பாதித் தெருவை மேடை அடைத்துக்கொள்ளும். அந்த வாரத்தில் ஒரு நாள் பள்ளிவிட்டு வரும்போது, மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள்காரன் எதிர்ப்பக்கமாகப் புகுந்து வந்தான். திருநாவுக்கரசின் கை ஹார்னை அழுத்திவிட்டது. சத்தம் வரவில்லை. மகள் இருந்ததால் சுவிட்ச் அணைந்திருந்தது. பிரேக்கை மிதித்தான். மோட்டார்காரன் நிற்காமல் போய்விட்டான். இரண்டாம் வரிசையில் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்த ஐமான் என்ற பையன், முன் சீட்டின் கம்பியில் மோதி முன்பல்லை உடைத்துக்கொண்டான். வாயெல்லாம் ரத்தம்.

காமினி அலறத் தொடங்கினாள். தலையைக் கண்ணாடியில் மோதி மோதி அலறினாள். அவளை விட்டுவிட்டு திருநாவுக்கரசு முதலில் ஐமானைத்தான் தூக்கினான். பக்கத்துக் கடைக்காரச் சீனப் பெண்ணை வேனுக்குக் காவல் வைத்துவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு அருகிலிருந்த கிளினிக்குக்கு ஓடினான். அதற்குள் யாரோ ஒருவன் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டான். மோட்டார்காரன் படத்தில் இல்லை. உடைந்த பல் படத்தில் இல்லை. ஒரு பெண்பிள்ளை தலையை மோதிக்கொண்டு அலறுவதும், பின்னால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுவதும்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் படம் வேன் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் அவன் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், தபால்பெட்டிகளுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பெற்றோர்கள் கூடினார்கள். என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். எங்கே பேச்சுவார்த்தை என்றாலும் நடு நாற்காலி எனக்குத்தான், அது பல வருஷப் பழக்கம். திருநாவுக்கரசு உட்காரவில்லை.

"சுவிட்ச கழட்டியாச்சுங்க. காலையிலயே பெரியண்ணன் பட்டறையில எடுத்தாச்சு. இனிமே ஹார்ன் எப்பவும் இருக்கும். தப்பு எம்மேலதான்" என்றான்.

அவர்கள் கொண்டுவந்த சண்டையை அவன் முதல் வாக்கியத்திலேயே வாங்கிக்கொண்டான். இதோடு முடிந்தது என்று நான் எழப்போனேன்.

"ஹார்ன் சரி. பாப்பா?" என்றான் மோகனராஜ். ஏதோ இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை செய்கிறவன், பேசத் தெரிந்தவன்.

"பாப்பாவுக்கு என்னண்ணே?"

"எம்மவ நேத்துலேர்ந்து வேன்னாலே அழுவுறா. நாங்க ஒன் வேன நிப்பாட்டச் சொல்லல அரசு. அந்தப் பாப்பாவ நிப்பாட்டு."

"எங்கண்ணே நிப்பாட்டுறது?"

"வீட்ல லா."

"வீட்ல யாரு இருக்கா? பிரமிளா ஷிப்டுக்குப் போயிருது."

"அதுக்கு நாங்க என்ன பண்றது? பின்னாடி ஸ்டிக்கர் வேற. அதப் பாத்ததும் மோட்டார்காரன் பயந்து ஓடிருவான்னு நெனச்சியா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். திருநாவுக்கரசும் சிரித்தான், அது அவன் சுபாவம்.

ஐமானின் தாய் சுலைஹா அதுவரை வாயைத் திறக்கவில்லை. நல்ல பெண். நோன்புப் பெருநாளுக்குக் காமினிக்கென்று தனி டப்பாவில் பிஸ்கட் கொடுத்தனுப்புகிறவள். "அண்ணே, நான் அந்தப் புள்ளைய வெறுக்கலண்ணே. அல்லாவுக்குத் தெரியும். ஆனா எம்மவனுக்குப் போனது பால் பல்லு இல்ல. இனி மொளைக்காது. நாளைக்கு வேற என்னாவது ஆனா, நீங்க எந்தப் புள்ளைய மொதல்ல பாப்பீங்க?"

"ஐமானத்தானேக்கா மொதல்ல தூக்குனேன்."

"தெரியும்ணே. ஒவ்வொரு தடவையும் ஒங்களால அப்படி முடியுமா?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வாரம் பிள்ளையை நிறுத்தி வை, சனங்களின் சூடு தணியட்டும், பிறகு நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். என் பேச்சைத் தட்டியவர்கள் குறைவு.

"ஒரு வாரம் நிப்பாட்டுனா, ஒரு வாரமும் சப்பாத்த மாட்டிக்கிட்டு வாசல்லயே நிப்பா பெரியண்ணே. ஏன்னு சொன்னாலும் அவளுக்குப் புரியாதுன்னு நெனக்காதீங்க. புரியும். அதான் கஷ்டம்." பிறகு மற்றவர்களைப் பார்த்தான். "ஒங்க புள்ளைங்களுக்கு வேற வேன் கெடைக்கும். ரெண்டு வேன்காரங்ககிட்ட இவள வுட்டுப் பாத்துட்டேன், ஒரு வாரத்துல திருப்பிக் கொண்டாந்து வுட்டுட்டாங்க. எம்புள்ளைக்கு இந்த ஒரு வேன்தான். எறக்க மாட்டேன்."

கையைக் கூப்பிவிட்டுப் போய்விட்டான். என்னைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமைக்குள் எல்லாரும் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். இரட்டைப் பிள்ளைகள் இருக்கிற ஒரு வீடு மட்டும் மிச்சம். அந்தத் தாயும் இன்னொரு வேனில் இடம் கேட்டு வைத்திருக்கிறாள், இடம் கிடைத்ததும் போய்விடுவாள்.

நான் சும்மா இருக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போய், பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில் என் மகனுக்கு ஓடுகிற லோரிகளில் ஒன்றை ஓட்டு, நல்ல சம்பளம் தருகிறேன் என்றேன். என்னிடம் வேலை கேட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். நானாகப் போய்க் கூப்பிட்டது இவனை மட்டும்தான். லோரி விடியுமுன் பாலம் தாண்ட வேண்டும், பாப்பாவை யார் வகுப்பில் விடுவது என்றான். பாப்பாவை ஒரு ஹோமில் சேர், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் எழுந்து போய் எனக்கு இன்னொரு கோப்பை தேநீர் கொண்டுவந்து வைத்தான். பேச்சு அத்தோடு சரி. எனக்குக் கோபம்தான் வந்தது. மறைப்பானேன்.

பிரமிளா ஷிப்ட் சட்டையைக்கூட மாற்றாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். காமினி அவள் முதுகில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஜன்னலில் விழும் மழையைப் பார்த்து மெல்ல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் ஆட்டத்துக்குத் தாயின் உடம்பும் கூடவே ஆடியது.

"எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருக்குண்ணே. ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தரு சிரிச்ச மொகமா இருக்கணும். மாத்தி மாத்தி. அவரு ரொம்ப நாளா இருந்துட்டாரு. இந்த வாரம் எம்மொற" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "முடியலண்ணே" என்றாள்.

இப்போது காலையில் மகளை வகுப்பில் விட்டதும் வேனின் பின் சீட்டை மடக்கி, அலாவுதீனின் சாப்பாட்டுக் கடைக்கு வெங்காய மூட்டையும் ஐஸ் கட்டியும் ஏற்றுகிறான் திருநாவுக்கரசு. மத்தியானத்துக்குள் சீட்டைத் துடைத்து நிமிர்த்தி வைத்தாக வேண்டும். வெங்காய வாடை இருந்தால் காமினி ஏற மாட்டாள். ஹார்ன் இருக்கிறது. துறைமுகத்தில் கிரேன் வேலை பார்க்கிறவர்கள் மாட்டுகிற காது மூடி ஒன்றை மகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான். சில நாள் போட்டுக்கொள்கிறாள், சில நாள் கழற்றி எறிகிறாள்.

பிள்ளைகள் நின்றுபோன முதல் நாள், முதல் வீட்டில் நிறுத்தாமல் தாண்டிப் போயிருக்கிறான். நிறுத்தி என்ன செய்ய? காமினி முதலில் கதவைப் பிடித்தாள், பிறகு கத்தத் தொடங்கினாள். அடுத்த வீட்டையும் தாண்டியபோது தலையைக் கண்ணாடியில் மோதினாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு முதல் வீட்டுக்கே வந்து நிறுத்தினானாம். அன்றிலிருந்து ஒரு வாசலையும் விடுவதில்லை. அதே வரிசை. ஒவ்வொரு வாசலிலும் இறங்கி, வேன் கதவைத் திறந்து, கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறான். சங்கிலியை மட்டும் ஆட்டுவதில்லை, அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். இதை அவனே என்னிடம் சொன்னபோது, ஊரே பைத்தியம் என்று சொல்லுமடா என்றேன். "சொல்லுறவங்க ஜன்னல் பக்கம் வந்துதானே பாக்கணும் பெரியண்ணே. அதுக்குள்ள நாங்க போயிருவோம்" என்றான்.

போன வாரம் ஒரு காலையில் சுலைஹா வீட்டுக்கு எதிர்க் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டுக்கு வெளியே ஐமானோடு புதிய வேனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பையன் சீருடை, முதுகில் பை. புதிய வேன் வரவில்லை, இவன் வேன் வந்தது. வழக்கம்போல நிறுத்தினான், இறங்கினான், பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறந்தான்.

சுலைஹா தலைத்துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "ஏண்ணே இப்படிப் பண்றீங்க" என்றாள்.

"சங்கடப்படாதீங்கக்கா. ஒங்களுக்காவ இல்ல, அவளுக்காவ. செத்த நின்னுட்டுப் போயிருவேன்."

முன் சீட்டிலிருந்து காமினி திரும்பாமலே சொன்னாள்: "ஐமான்."

பையன் தாயை அண்ணாந்து பார்த்தான். சுலைஹா அவன் தோளில் கையை வைத்தாள். அனுப்பவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. வெறுமனே வைத்திருந்தாள்.

"ஐமான்" என்றாள் காமினி மறுபடி.

"ஐமான் லீவு பாப்பா" என்றான் திருநாவுக்கரசு, சீருடையோடு எதிரே நிற்கிற பையனை வைத்துக்கொண்டே.

பிறகு கதவுப் பக்கம் திரும்பினான். பின் சீட்டுகளில் ஒரு பிள்ளையும் இல்லை, இரட்டைப் பிள்ளைகளின் வீடு இனிமேல்தான். கதவு வந்து பொருந்துகிற சட்டத்தில் மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தான், சின்ன விரல் எதுவும் இடையில் இல்லை என்று பார்க்கிற மாதிரி. பார்த்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினான்.